மேடைக்கு முன்னால் நின்றவர்கள்

எங்காவது ஒரு பள்ளிவாசலின் மீது கல் விழுந்தாலும், அகதிகள் தங்கியிருக்கும் விடுதிக்குத் தீ வைக்கப்பட்டாலும், சில மணி நேரத்துக்குள் பாடகர்களும் நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் வெறுப்பைக் கண்டித்துச் சில வரிகளை எழுதிவிடுகிறார்கள். அவற்றைக் கண்டு நெகிழ்ந்து பகிர்கிறவர்கள் ஒருபுறம் இருக்க, இவர்கள் பேசி என்ன ஆகப்போகிறது என்று தள்ளிவிடுகிறவர்கள் மறுபுறம் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரோடும் என்னால் முழுமையாக ஒத்துப்போக முடியவில்லை. நான் வாழும் கிழக்கு லண்டனில், நான் தினமும் நடக்கும் தெருக்களுக்கு மிக அருகில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் புகழ்பெற்ற இசைக்கலைஞர்களும் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான மக்களும் சேர்ந்து இதே முயற்சியில் இறங்கினார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஆற அமர்ந்து பார்க்கும் அளவுக்கு அந்த வரலாறு நமக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

1970களின் நடுப்பகுதியில் பிரிட்டனில் வேலையின்மையும் விலைவாசியும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. 1967இல் தொடங்கப்பட்ட நேஷனல் ஃப்ரண்ட் என்ற கட்சி, குடியேறியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் நாட்டை விட்டு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெருத்தெருவாகச் சொல்லிவந்தது. 1976 ஜூன் 4 அன்று மேற்கு லண்டனில் பஞ்சாபியர் நிறைந்த சவுத்தாலில் குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் சாவைச் சுட்டி, ஒன்று போயிற்று, இன்னும் பத்து லட்சம் பாக்கி என்று பொருள்பட ஒரு தீவிர வலதுசாரித் தலைவர் வெளிப்படையாகவே பேசினார். பெரியவர்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்க, சவுத்தாலின் இளைஞர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கித் தெருவுக்கு வந்தார்கள். எந்த இசை நட்சத்திரமும் ஆதரவாக வாய் திறப்பதற்கு முன்பே அந்தச் சமூகம் எழுந்து நின்றுவிட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு நடந்தவற்றைச் சொல்லும்போது பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள்.

நட்சத்திரங்களில் முதலில் வாய் திறந்தவர்கள் வெறுப்பின் பக்கம் நின்று பேசினார்கள். 1976 ஆகஸ்ட் 5 அன்று பர்மிங்காமின் ஓடியன் அரங்கில், குடிபோதையில் மேடையேறிய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், அரங்கில் இருக்கும் வெளிநாட்டவர் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றும், பிரிட்டன் கறுப்பர்களின் குடியேற்ற நாடாக மாறிவிடாமலிருக்க அரசியல்வாதி ஈனக் பாவெலை ஆதரிக்க வேண்டும் என்றும் பேசினார். குடியேற்றத்துக்கு எதிராக பாவெல் 1968இல் ஆற்றிய, இன்றும் மறக்கப்படாத உரையும் அதே பர்மிங்காமில்தான் நிகழ்ந்தது. கிளாப்டனின் கலை வாழ்வு முழுவதும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையின் மேல் எழுந்தது. இரண்டாண்டுகளுக்கு முன்புதான் ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய ஒரு பாடலைப் பாடி அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்திருந்தார். அதே ஆண்டில் பாடகர் டேவிட் போவியும் பிரிட்டனுக்கு ஒரு பாசிசத் தலைவர் நன்மை தரக்கூடும் என்று பேட்டி கொடுத்திருந்தார். போவி பின்னாளில் வருந்தினார். கிளாப்டனும் 2018இல் தன் பேச்சுக்காக வெட்கப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் 1976இல் அவர்களுடைய சொற்கள் எத்தனை இளைஞர்களின் காதில் விழுந்திருக்கும், அவர்களில் எத்தனை பேர் அதைத் துணிச்சலாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணும்போது, பிரபலங்கள் பேசுவதால் எதுவும் ஆகாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

அந்தப் பேச்சைப் பற்றிப் படித்த ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞர், ரோஜர் ஹடில் முதலான நண்பர்களோடு சேர்ந்து, அந்நாளின் பெரிய இசை வார இதழ்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உங்கள் இசையில் பாதி கறுப்பர்களுடையது என்று கிளாப்டனுக்கு நினைவூட்டிய அந்தக் கடிதம், ராக் இசைக்குள் ஊடுருவும் இனவெறி நஞ்சுக்கு எதிராகச் சாதாரண மக்களின் இயக்கம் ஒன்றைத் தொடங்க விரும்புவதாகவும், சேர விரும்புவோர் எழுதலாம் என்றும் அறிவித்து ஒரு முகவரியைக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. அப்படிப் பிறந்ததுதான் ராக் அகேன்ஸ்ட் ரேசிசம், அதாவது இனவெறிக்கு எதிரான ராக் என்ற இயக்கம். அதன் முதல் இசை நிகழ்ச்சி 1976 நவம்பரில் ஃபாரஸ்ட் கேட்டில், பிரின்சஸ் ஆலிஸ் என்ற மதுக்கூடத்தில் நடந்தது. இன்று தமிழர்கள் செறிந்து வாழும் ஈஸ்ட் ஹாமிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில்தான் ஃபாரஸ்ட் கேட் இருக்கிறது. அன்று பாடிய கேரல் கிரைம்ஸ் சிறந்த புளூஸ் பாடகி. கிளாப்டனைப் போல் உலகப் புகழ் பெற்றவர் அல்ல.

இந்த இயக்கம் வேலை செய்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தலைமை அலுவலகம் ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பிடித்து ஒரு பெரிய விழா நடத்திவிட்டு ஓய்ந்துவிடவில்லை. ஊர் ஊராக இருந்த இளைஞர்கள் தாங்களே ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, தாங்களே சுவரொட்டி ஒட்டி, தாங்களே ஒலிபெருக்கி கட்டி நிகழ்ச்சி நடத்தினார்கள். பெரும்பாலான மேடைகளில், பங்க் என்ற முரட்டு வேக ராக் இசையை வாசிக்கும் வெள்ளையர்களின் குழு ஒன்றும், ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையை வாசிக்கும் கறுப்பினத்தவரின் குழு ஒன்றும் ஒரே இரவில் வாசித்தன. முடிவில் இரண்டு குழுவினரும் சேர்ந்து வாசிப்பதும் வழக்கமாயிற்று. அதுவரை பங்க் ரசிகர்களும் ரெகே ரசிகர்களும் ஒரே கூரையின் கீழ் நிற்பது அரிது. ஐந்து முனை நட்சத்திரத்தைப் பொறித்த ஒரு சிறிய பேட்ஜ் அவர்களுடைய அடையாளமாக இருந்தது. பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போன பிள்ளைகளுக்கு, தாம் மட்டும் தனியாக இல்லை என்று எதிரே வரும் இன்னொரு பேட்ஜ் சொல்லியது. கிழக்கு லண்டனில் மருத்துவராக இருந்த டேவிட் விட்ஜரி அந்த இயக்கத்தின் இதழில் எழுதியபோது, மக்களுக்கு ஒருவர் மீது ஒருவர் கொண்டிருக்கும் அச்சத்தை உடைக்கும் இசை வேண்டும் என்றார். வெறுப்பு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்த அச்சம்தான் என்பதை ஒரு மருத்துவர் கண்டுகொண்டதில் எனக்கு வியப்பில்லை.

இதற்கிடையில் நேஷனல் ஃப்ரண்ட் வளர்ந்துகொண்டே போயிற்று. 1977 மே மாதம் நடந்த பெருநகர லண்டன் மன்றத் தேர்தலில் அக்கட்சிக்கு ஏறத்தாழ 1,19,000 வாக்குகள் விழுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் தெற்கு லண்டனின் லூயிஷாமில் அவர்கள் நடத்திய ஊர்வலத்தை மக்கள் தெருவில் மறித்தார்கள். நவம்பரில் அக்கட்சியை எதிர்க்க ஆன்டி நாஜி லீக் என்ற அமைப்பு உருவானது. அதன் ஆதரவாளர் பட்டியலில் கால்பந்துப் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் பெயரும் இருந்தது. மைதானத்தின் வாயில்களில் இனவெறி இதழ்கள் விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பருவத்தின் லீக் கோப்பையை நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கு வாங்கிக்கொடுத்தவர் தன் பெயரைக் கொடுத்தது சிறிய காரியமாகாது.

1978 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடியவர்கள் நகரின் குறுக்கே கிழக்கு நோக்கி நடந்து, ஹாக்னியின் எல்லையில் இருக்கும் விக்டோரியா பூங்காவை அடைந்தார்கள். லாரிகளின் மேல் குழுக்கள் வாசித்துக்கொண்டே போயின. ஹிட்லருக்கும் நேஷனல் ஃப்ரண்ட் தலைவர்களுக்கும் காகிதக் கூழில் செய்த மாபெரும் தலைகள் ஊர்வலத்தில் அசைந்து சென்றன. அமைப்பாளர்கள் சில பத்தாயிரம் பேரை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்று கணிக்கப்பட்டது. நேஷனல் ஃப்ரண்டுக்கு வாக்குகள் குவிந்த பகுதிகளுக்கு நடுவே, கட்டணம் இல்லாமல், தி கிளாஷ், டாம் ராபின்சன் பேண்ட், எக்ஸ்ரே ஸ்பெக்ஸ், பர்மிங்காமிலிருந்து வந்த ஸ்டீல் பல்ஸ் ஆகிய குழுக்கள் வாசித்தன. எக்ஸ்ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரீனின் தந்தை சோமாலியாவைச் சேர்ந்தவர்.

அந்தக் கூட்டத்தில் கிழக்கு லண்டனின் பார்க்கிங் என்ற ஊரைச் சேர்ந்த 20 வயது இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். தி கிளாஷ் குழுவைப் பார்க்கத்தான் அவர் வந்தார். அவர் வேலை செய்த அலுவலகத்தில் சக ஊழியர்கள் இனவெறியும் பெண் வெறுப்பும் கலந்த பேச்சுகளை அன்றாடம் பேசுவார்கள். அவருக்கு அது பிடிக்காவிட்டாலும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார். டாம் ராபின்சன் தன் ஓரினக் காதலை மறைக்காமல் அறிவிக்கும் பாடலைத் தொடங்கியபோது, அந்த இளைஞரைச் சுற்றி நின்றிருந்த ஆண்கள் பலர் ஒருவரையொருவர் அணைத்து முத்தமிட்டார்கள். அவர் முதலில் திகைத்தார். இவர்கள் ஏன் இனவெறிக்கு எதிரான கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று யோசித்தார். தம்மைப் போல் இல்லாத எவரையும் பாசிஸ்டுகள் விட்டுவைக்க மாட்டார்கள் என்பது அந்த மாலைக்குள் அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் வேலைக்குப் போனபோது இனிமேல் வாய் மூடியிருப்பதில்லை என்ற முடிவோடு போனதாக அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அவர் பெயர் பில்லி பிராக். பின்னர் பிரிட்டனின் பெயர்பெற்ற பாடகர்களில் ஒருவரானார். தன்னை மாற்றியது மேடையில் இருந்த குழு அல்ல, தன்னைப் போன்றே நினைக்கிற இத்தனை பேர் சூழ நின்றதுதான் என்று அவர் விளக்குவது இந்த விஷயத்தின் மையத்தைத் தொடுகிறது. நட்சத்திரத்தின் குரல் ஆட்களைத் திரட்டுகிறது. திரண்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதில்தான் மற்றதெல்லாம் நடக்கிறது. நான்கு சுவருக்குள் தனித்திருந்து கைபேசியில் ஒரு பிரபலத்தின் கண்டனத்துக்கு விருப்பக் குறி இடும்போது அந்தப் பாதி நடப்பதே இல்லை.

ஆனால் இந்த நாளைக் கொண்டாடும் பலர் அடுத்த வாரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விழா முடிந்து நான்காம் நாள், மே 4, உள்ளாட்சித் தேர்தல் நாளன்று மாலையில், வங்காளியர் செறிந்து வாழ்ந்த பிரிக் லேன் பகுதியின் ஆடைத் தொழிற்கூடம் ஒன்றில் வேலை செய்த வங்காள இளைஞர் அல்தாப் அலி, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வைட்சாப்பலின் ஆட்லர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் பதின்வயதுப் பையன்கள். ஒரு லட்சம் பேர் பாடித் திரும்பிய பூங்காவிலிருந்து அந்த இடம் அதிகத் தொலைவில் இல்லை. பத்து நாள் கழித்து, மே 14 அன்று, ஆயிரக்கணக்கான வங்காளிகள் சவப்பெட்டியின் பின்னால் மத்திய லண்டனை நோக்கி நடந்தார்கள். அன்றைக்குப் பாட்டு இல்லை, லாரி மேடை இல்லை. அதுவரை தலை குனிந்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த தையற்காரர்களும் உணவகத் தொழிலாளர்களும் முதன்முறையாக அத்தனை பெரிய எண்ணிக்கையில் வெளியே வந்தார்கள். அவர் விழுந்த இடத்துக்கு அருகிலிருந்த பூங்காவுக்கு 1998இல் அல்தாப் அலி பூங்கா என்று பெயர் சூட்டப்பட்டது. வைட்சாப்பல் பக்கம் போகும் தமிழர்கள் பலர் அதைக் கடந்து போயிருப்பார்கள். ஒருமுறை உள்ளே சென்று நின்றுவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1980களிலும் 90களிலும் நாங்கள் அகதிகளாக வந்து இந்தத் தெருக்களில் ஓரளவு தலை நிமிர்ந்து நடக்க முடிந்ததற்கு அந்த மக்களுக்கும் நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஆகிறோம்.

நட்சத்திரங்களில் யாருக்கு உண்மையில் இழப்பு இருந்தது என்று பார்த்தால், நான் ஜிம்மி பர்சி என்ற பெயரைத்தான் முதலில் சொல்வேன். அவர் ஷாம் 69 என்ற பங்க் குழுவின் பாடகர். தி கிளாஷ் குழுவின் ரசிகர்கள் ஏற்கெனவே பெரும்பாலும் இந்தப் பக்கம் நின்றவர்கள். பர்சியின் நிலை வேறு. அவருடைய ரசிகர்களில் தலையை மழித்த, நேஷனல் ஃப்ரண்டை ஆதரித்த இளைஞர்கள் ஏராளம். அவருடைய கச்சேரிகளில் அவர்கள் கலவரம் செய்வது வாடிக்கையாயிருந்தது. ரசிகர் மன்றங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவருடைய நெருக்கடி எளிதில் புரியும்: தன்னைத் தோளில் தூக்கி வைத்திருப்பவர்களிடம், நீங்கள் செய்வது தவறு என்று சொல்ல வேண்டும். விக்டோரியா பூங்காவில் தி கிளாஷ் வாசித்தபோது அவரும் மேடையேறிப் பாடினார். மிரட்டல்கள் வந்தன. 1978 செப்டம்பர் 24 அன்று தெற்கு லண்டனின் பிராக்வெல் பூங்காவில் நடந்த இரண்டாவது விழாவில் அவருடைய குழு வாசிப்பதாக இருந்து, பிறகு விலகிக்கொண்டது. ஆனால் விழா நாளன்று அவர் தனியாக மேடைக்கு வந்தார். முந்தைய இரவு வரை வருவதில்லை என்று இருந்ததாகவும், உன் ரசிகர்கள் நேஷனல் ஃப்ரண்ட் ஆட்கள் என்பதால்தானே நீ வரவில்லை என்று ஒரு பையன் காலையில் கேட்டுவிட்டதாகவும், எதைச் செய்ய வேண்டும் என்று எவரும் தனக்குக் கட்டளையிட முடியாது என்றும், இந்த இயக்கத்தை ஆதரிப்பதால் வந்து நிற்பதாகவும் சொன்னார். அதற்குப் பிறகும் அவருடைய கச்சேரிகள் அடித்து நொறுக்கப்பட்டன. 1979இல் லண்டனின் ரெயின்போ அரங்கில் அவர் நடத்திய நிகழ்ச்சி ரகளையில் முடிந்தது. அவர் ஊசலாடினார் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. தன் எதிரே நிற்கும் கூட்டத்தையே எதிர்த்துப் பேச வேண்டிய ஒருவர் ஒரு நாள் தயங்கினார் என்பதைவிட, மறுநாள் வந்தார் என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அதே நாளில் நடந்த இன்னொன்றை மட்டும் என்னால் அவ்வளவு எளிதாக மன்னிக்க முடியவில்லை. பிராக்வெல் பூங்காவில் ஒரு லட்சம் பேர் திரளவிருந்த அதே ஞாயிற்றுக்கிழமையில், தேம்ஸ் ஆற்றின் மறுகரையில் பிரிக் லேனுக்கு மிக அருகில் தாங்கள் அமைத்திருந்த புதிய தலைமையகத்துக்கு ஊர்வலம் போவதாக நேஷனல் ஃப்ரண்ட் அறிவித்தது. முன்கூட்டியே தெரிந்தும் அமைப்பாளர்கள் விழாவை மாற்றவில்லை. அந்தக் கோடைக்காலம் முழுவதும் பிரிக் லேனின் முனையில் ஞாயிறுதோறும் இனவெறி இதழ் விற்க வருகிறவர்களுக்கு இடம் கொடுக்காமல் வங்காள இளைஞர்கள் விடியற்காலையிலேயே வந்து நின்று தெருவைக் காத்துவந்தார்கள். அவர்களுக்குத் துணையாக அன்று அங்கே போனவர்கள் மிகக் குறைவு. அமைப்பாளர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எதிரி தேதி குறித்தான் என்பதற்காக விழாவைக் கைவிட்டால் இனி ஒவ்வொரு முறையும் அப்படியே செய்வான் என்றார்கள். அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் யாருக்காக இத்தனை பேர் திரண்டார்களோ அவர்களே அந்த நேரத்தில் தனித்து விடப்பட்டார்கள் என்பதை எந்த வாதமும் ஈடு செய்துவிடாது. பிரபலங்களை நடுவில் வைத்துச் செய்யும் எந்த முயற்சிக்கும் இந்த ஆபத்து உண்டு: மேடை பெரிதாகப் பெரிதாக, அதை நடத்துவதே நோக்கமாகிவிடுகிறது.

இதற்கு மறுபக்கமாக மிஸ்டி இன் ரூட்ஸ் என்ற ரெகே குழுவைச் சொல்ல வேண்டும். அவர்கள் சவுத்தாலில் வாழ்ந்தவர்கள். அங்கே பீப்பிள் யுனைட் என்ற கூட்டுறவு மையத்தை நடத்திவந்தார்கள். இயக்கத்தின் மேடைகளில் அவர்களைவிட அதிகமாக வாசித்த குழு வேறில்லை என்று சொல்வார்கள். மேற்கு லண்டனைச் சேர்ந்த தி ரட்ஸ் என்ற வெள்ளையர்களின் பங்க் குழுவின் முதல் இசைத்தட்டு 1979இல் வெளிவந்தது இந்தக் கறுப்பினத்தவரின் மையத்தின் பெயரில்தான். 1979 ஏப்ரல் 23 அன்று, பொதுத் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்க, சவுத்தால் நகர மண்டபத்தில் கூட்டம் நடத்த நேஷனல் ஃப்ரண்டுக்கு அனுமதி கிடைத்தது. கடைக்காரர்கள் பகலிலேயே கடைகளை மூடினார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். 2,500க்கும் மேற்பட்ட காவலர்கள் குவிக்கப்பட்டார்கள். மாலையில் நடந்த தடியடியில், நியூசிலாந்திலிருந்து வந்து கிழக்கு லண்டன் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த 33 வயது பிளேர் பீச் தலையில் அடிபட்டு இறந்தார். பெரும்பாலும் ஒரு காவலரின் அடியே அவரைக் கொன்றிருக்க வேண்டும் என்று காவல்துறையின் சொந்த விசாரணையே முடிவுக்கு வந்திருந்தும், அந்த அறிக்கை 2010 வரை வெளியிடப்படவில்லை. பீப்பிள் யுனைட் மையத்துக்குள் காவலர்கள் புகுந்தார்கள். இசைக்கருவிகளும் ஒலிக்கருவிகளும் நொறுக்கப்பட்டன. மிஸ்டி குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கர் மண்டையோட்டில் முறிவோடு பல நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது.

அடுத்து நடந்தது, புகழ்பெற்றவர்கள் செய்யக்கூடியவற்றில் மிகவும் பயனுள்ளதென்று நான் நினைப்பது. ஜூலை மாதம் ரெயின்போ அரங்கில் சவுத்தால் இளைஞர்களின் வழக்குச் செலவுக்காக இரண்டு இரவுகள் இசை நிகழ்ச்சி நடந்தது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் தி கிளாஷ் குழுவும் வாசித்தார்கள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் வேண்டும், வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். அன்பு, ஒற்றுமை என்ற சொற்களைவிட அந்த நுழைவுச்சீட்டுப் பணம் அந்தக் குடும்பங்களுக்கு அதிகமாகப் பேசியிருக்கும். பிளேர் பீச்சின் உடல் சவுத்தாலின் டொமினியன் திரையரங்கில் வைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பஞ்சாபியர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

இந்த இயக்கத்தில் தெற்காசியக் கலைஞர்கள் மிகக் குறைவு என்ற குறையையும் சொல்லியாக வேண்டும். பங்க் குழுக்களும் ரெகே குழுக்களும் மேடையில் சந்தித்துக்கொண்டன. கொலையுண்டவர்களில் பலர் பஞ்சாபியரும் வங்காளியருமாக இருந்தும் அவர்களுடைய இசை அங்கே ஒலிக்கவில்லை. மாற்றுப் பண்பாட்டினரால் நாடு மூழ்கடிக்கப்படும் என்று மக்கள் அஞ்சுவதாக 1978 ஜனவரியில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சியில் சொன்னதை எடுத்து, ஏலியன் கல்ச்சர் என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்ட பாகிஸ்தானிய வம்சாவளி இளைஞர்களின் பங்க் குழு ஒன்று 1979இல் பிறந்து இம்மேடைகளில் வாசித்தது. அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

1979 மே தேர்தலில் நேஷனல் ஃப்ரண்ட் 303 தொகுதிகளில் நின்று எல்லாவற்றிலும் வைப்புத்தொகையை இழந்தது. இதற்கு இசைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தாட்சரின் பேச்சு அவர்களுடைய வாக்குகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்ற கருத்துக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஒரு தலைமுறை இளைஞர்களிடம் அந்தக் கட்சி எடுபடாமல் போனதில் இந்த இயக்கத்துக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு எப்படி நீள்கிறது என்பதற்கு என் வீட்டுக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2006இல் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி பார்க்கிங் அண்ட் டாகன்ஹாம் மன்றத்தில் 12 இடங்களைப் பிடித்தது. 2010 தேர்தலில் அதன் தலைவர் நிக் கிரிஃபின் பார்க்கிங் தொகுதியில் தானே நின்றார். வெறுப்புக்கு எதிரான அமைப்புகளின் தொண்டர்கள் வாரக்கணக்கில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். தன் சொந்த ஊர் என்பதால் பில்லி பிராக்கும் வந்து அந்தப் பிரசாரத்தில் இறங்கினார். 1978இல் விக்டோரியா பூங்காவில் மேடைக்கு முன்னால் நின்ற அதே இளைஞர், இப்போது 52 வயதில். கிரிஃபின் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மன்றத்தில் இருந்த 12 இடங்களையும் அக்கட்சி இழந்தது.

2024 ஆகஸ்டில், வடமேற்கு இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பொய்ச் செய்திகள் பரவி ஊர் ஊராகக் கலவரம் நடந்தபோது, எங்கள் பகுதியின் வாட்ஸப் குழுக்களில் வெளியே போகாதீர்கள், கடைகளை நேரத்தோடு மூடுங்கள் என்ற செய்திகளே நிறைந்திருந்தன. குடிவரவு வழக்கறிஞர்களின் அலுவலகங்கள் தாக்கப்படும் என்று ஒரு பட்டியல் சுற்றியது. ஆகஸ்ட் 7 மாலையில் வடகிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் தெருவை நிரப்பினார்கள். தாக்க வருவதாகச் சொன்னவர்கள் அங்கே தலைகாட்டவில்லை. அன்று மேடையும் இல்லை, அழைக்கப்பட்ட நட்சத்திரமும் இல்லை. தொழிற்சங்கத்தாரும் பள்ளிவாசல்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கையால் எழுதிய அட்டைகளோடு நின்றார்கள். ஐம்பது ஆண்டுப் பழக்கம் ஒன்று அவர்களுக்குள் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

இப்போது எங்கள் பகுதியில் தமிழர், வங்காளியர், சோமாலியர் எனப் பல சமூகத்தாரும் சேர்ந்து வெறுப்புக்கு எதிராக ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தத் திட்டமிட்டு வருகிறோம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடகரை அழைக்கலாம் என்ற யோசனை வந்திருக்கிறது; நான் அதற்கு முழு ஆதரவு. ஆனால் அவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும் என்று குழுவுக்கு எழுதியிருக்கிறேன். தன் ரசிகர்களுக்குள் வெறுப்புப் பேசுகிறவர்கள் இருந்தால் அவர்களை நோக்கியே அவர் பேச வேண்டும். பகுதிப் பிள்ளைகளின் குழுக்கள் வாசிக்கும் அதே மேடையில், அவர்களோடு சேர்ந்து பாட வேண்டும். நுழைவுச்சீட்டுப் பணம் தாக்குதலுக்கு ஆளான குடும்பங்களின் சட்டச் செலவுக்குப் போக வேண்டும். அன்றைய தினம் எங்காவது ஒரு தெருவுக்கோ வழிபாட்டிடத்துக்கோ ஆபத்து என்று செய்தி வந்தால், நிகழ்ச்சியை அப்படியே நிறுத்திவிட்டு எல்லோரும் அங்கே போவோம் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, நம்மோடு வருவதற்கு அவருடைய சம்மதத்தையும் வாங்கிவைக்க வேண்டும்.